5.28 விநாடி

விடுதி அறைத்தோழனிடமிருந்து எனக்கு அமெரிக்கக் காற்பந்துப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. நம் ஊர்க் காற்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையால் வீசும் ஆட்டம். வீசுபவர் குவார்ட்டர்பேக். ஆண்டுதோறும் தொழில்முறை அணிகள் பல்கலைக்கழக வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அதற்குமுன் உயரம், எடை, கையளவு, 40 கெஜ ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். மாட்டுச் சந்தைதான்!

2000ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிரேடி அந்த ஓட்டத்துக்கு 5.28 விநாடி எடுத்தார். ஒல்லி, மந்தம் என்றார்கள். ஆறு குவார்ட்டர்பேக்குகள் போன பிறகு, 199ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். பின்னர் ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். 1998இல் பேட்டன் மேனிங்குக்கு இணையாகப் பேசப்பட்டு, இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரயன் லீஃபோ 2001க்குப் பிறகு ஒரு போட்டியிலும் ஆடவில்லை. எதிரணி பாய்ந்து வரும்போது யாருக்கு வீசுவது என்று நொடியில் முடிவெடுக்கும் மூளையை எந்தக் கடிகாரம் அளக்கும்?

ஆனால் பிரேடிக்கும் 2001இல் முதன்மை வீரர் காயப்பட்ட பிறகுதான் வாய்ப்பு வந்தது. அறைத்தோழன் இதைச் சொல்லவே மாட்டான்.

தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்மொழியில் புள்ளி குறைந்ததால் புகுமுக வகுப்புக்குப் போனவன் நான். அங்கே பக்கத்து மேசைக்காரன் கணிதத்தில் என்னை எப்போதும் முந்துவான். மூன்றாம் படிவத்தோடு அவன் நின்றுவிட்டான்.