கரிசல் காத்திருக்காது

கோவில்பட்டிச் சீமையின் கரிசலைக் கண்டதுண்டா, தோழர்களே? கோடையிலே கை நுழையும் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கும். மழை பெய்தாலோ உப்பிப் பெருத்துக் காலைப் பிடித்து இழுக்கும். களி மிகுந்த மண்; நீர் குடித்தால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். மேல்மண் வெடிப்பிலே உதிர்ந்து அடியிலே சேர, தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும். கூலி கேளாத உழவன்! குடித்த நீரை எளிதில் விடாததாலன்றோ, ஐப்பசி கார்த்திகை மழையை மட்டுமே நம்பிப் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் அங்கே விளைகின்றன!

ஆனால் ஈரம் மிகுந்தால் ஏர் இறங்காது. சேறு கொழுவிலே அப்பிக்கொள்ளும். ஆகவே, அறிந்தோர் புரட்டாசியிலேயே, மழைக்கு முன், புழுதியிலே விதைத்துவிடுவர்.

நம் வீட்டிலே ஓராண்டு அவ்வாறு செய்யவில்லை. விதை தயார், மாடு தயார். நாள்தான் சரியில்லை என்றது பஞ்சாங்கம்! பத்து நாள் பொறுக்கச் சொன்னார் தாத்தா. எட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எந்த ஏட்டையும் புரட்டாத பக்கத்துப் புஞ்சைக்காரர் முன்பே விதைத்திருந்தார். அவர் நிலம் பச்சை போர்த்தது. நாம் வரப்பிலே நின்று பார்த்தோம். நமக்கு ஏர் இறங்கியபோது கார்த்திகை பாதி கடந்துவிட்டது. சோளம் முழங்கால் உயரத்திலே வாடிற்று.

தை பிறந்ததும் ஆட்டுக்கிடைக்காரர் வந்தார். அறுத்த தாளை ஆடுகள் மேய, இரவிலே கிடை அமர்த்தி நிலத்துக்கு எருவேற்றிக்கொள்வது வழக்கம். கூலியாகத் தவசம் அளப்போம். வாடிய இளஞ்சோளம் ஆட்டுக்கு நஞ்சு என்பது அவருக்குத் தெரியும். ஒரு தட்டையை ஒடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மந்தையை நம் வரப்போடு ஓட்டிச் சென்று, பக்கத்துப் புஞ்சையிலே கிடை அமர்த்தினார்.