ராயபுரம் ரயிலுக்கு விறகு எங்கிருந்து வந்தது?

கல்மண்டபத்தில் நின்று பார்த்தால் கண்ணில் படுவது மீன்கூடை, ஷேர் ஆட்டோ, துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள், அவை கிளப்பும் புழுதி. இந்த ஏரியாவில் போய் தோட்டக்கலை வரலாறா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பக்கத்திலேயே, ராயபுரம் ரயில் நிலையத்தில்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அதே 1856-ல், ரயிலைத் தொடங்கிவைத்த அதே கவர்னர் ஹாரிஸ், ஒரு டாக்டரைக் கூப்பிட்டு சென்னை மாகாணக் காடுகளைக் கவனிக்கச் சொன்னார். அந்த டாக்டர் ஹியூ கிளெகார்ன். 1820-ல் பிறந்தது நம்ம மெட்ராஸில். குடும்பமும் படிப்பும் ஸ்காட்லாந்து.

காட்டுக்கு எதற்கு டாக்டர்? அந்தக் காலத்தில் மருந்து என்றாலே செடி. எடின்பரோவில் மருத்துவம் படித்தவர்கள் தாவரவியலும் படித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். கிளெகார்னும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர்தான்.

தண்டவாளத்துக்கு அடியில் வைக்க மரக்கட்டை வேண்டும். எஞ்சின் ஓட விறகு வேண்டும். ரயில் நீள நீள, காடு குறைந்தது. அந்த விறகுப் பசிக்காகத்தான் 1860-களில் சென்னையைச் சுற்றி சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். சவுக்கு இந்தக் கரையின் மரம் இல்லை. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பக்கத்துக் கடலோர மரம். இன்று அது இல்லாமல் பந்தல் உண்டா, சாரம் உண்டா?

காட்டைக் காப்பாற்றியதற்காக கிளெகார்னைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஓர் இடம் இடிக்கிறது. மலைவாழ் மக்கள் காட்டைக் கொஞ்சம் எரித்து, இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்வதற்கு ‘குமரி’ என்று பேர். அதைத் தடை செய்யச் சொல்லி வற்புறுத்தியவர் இவர். 1860-ல் அரசுக் காடுகளில் தடையும் வந்தது. ரயிலுக்கு வெட்டினால் வளர்ச்சி, கேழ்வரகுக்கு எரித்தால் குற்றமா?

இவருக்கு முன்னால் வந்தவர் ராபர்ட் வைட். அவரும் ஸ்காட்லாந்து டாக்டர். 1835-ல் தொடங்கிய மெட்ராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில் முக்கியமான ஆள். பின்னாளில் அதன் செயலாளராக இருந்தவர் கிளெகார்ன். வெளிநாட்டு விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து வளர்த்துப் பார்த்துக் கொடுத்த சங்கம் அது. வைட்டின் புத்தகங்களுக்குச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் வகைக்கு கோவிந்துவின் பெயரையே வைத்தார் வைட். ‘கோவிந்தூயியா’! டாக்டருக்குக் கிடைத்த மரியாதை ஓவியருக்கும் கிடைத்தது அபூர்வம்.

அந்தச் சங்கத்தின் கையில் இருந்த நிலத்தில்தான், டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஹோட்டல் போன பிறகு, 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. ஊருக்கு மரம் தேடியவர்களின் பூங்கா கதீட்ரல் ரோட்டில். மரத்தைத் தின்ற ரயில் கிளம்பிய ராயபுரத்தில், வெயிலுக்கு ஒதுங்க ஸ்டேஷன் தூண்களின் நிழல்தான்.