ஒருவகை மீன்

குறுந்தொகையில் கபிலர் பாடல் ஒன்றில், ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கிக் குருகு ஒன்று காத்து நிற்கும். ஆரல் என்றால் என்ன என்று மாணவர் வினவும்போதெல்லாம், 'ஒருவகை மீன்' என்று விடைபகர்ந்து பாடத்தைக் கடந்து விடுவேன். உரைநூல்கள் கற்பித்த விடை அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஆரல் மணலுக்குள்ள ஒடம்பப் புதைச்சிக்கிட்டு மூக்க மட்டும் நீட்டிக்கிட்டுக் கெடக்கும். அது வெளிய வர்ற வரைக்கும் கொக்கு நின்னுதான் ஆகணும்" என்றான். குருகு ஏன் அத்தனை பொறுமையுடன் நின்றது என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. பதினைந்து ஆண்டுகள் அப்பாடலை நடத்தியவன் நான்!

வெட்கத்திற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. நான் பிறந்தது மேலப்பாளையம். பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால் எங்கள் ஊரை ஊடுருவிச் செல்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் தறியை விட்டு எழுந்து, வாப்பா தூண்டிலுடன் அக்கால்வாய்க் கரைக்கு வருவார்கள். கெண்டை, கெளுத்தி, விரால், குரவை என்று பெயர் சொல்லியே கூடையில் இடுவார்கள். நான் உடனிருந்தேன், கற்றுக்கொள்ளவில்லை.

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி 128 கிலோமீட்டரே ஓடுகிறது. எனினும் இரு பருவமழையும் ஊட்டுவதால் வற்றாதது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களில் பிரித்து, நெல்லுக்கும் வாழைக்கும் ஊட்டுகின்றன. குளங்கள் நிரம்புவதும் அந்நீராலேயே. நீர் சென்ற வழியெல்லாம் மீனும் சென்றது; வயல் வரப்பில் அயிரை பிடித்தோர் இன்றும் உளர். 1954இல் மீனியல் அறிஞர் சைலஸ் கெண்டை இனத்து மீன் ஒன்றுக்கு இவ்வாற்றின் பெயரையே சூட்டினார். இப்படுகைக்கே உரிய அம்மீன் இன்று அழிவின் விளிம்பிலுள்ள இனங்களுள் ஒன்று.

மணல் போன இடத்தில் ஆரல் எங்கே புதையும்? 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அதற்குள் போன மணல் போனதுதான்.

சென்ற நோன்புப் பெருநாளன்று என் மகளைப் பாளையங்கால் கரைக்கு அழைத்துச் சென்றேன். சாக்கடை கலந்து கறுத்த நீரில் சிறுவர் சிலர் வலை வீசிக்கொண்டிருந்தனர். அகப்பட்டவை அனைத்தும் ஜிலேபிக் கெண்டை. 1952இல் அயல்நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொணரப்பட்ட மீன். "வாப்பா, இது என்ன மீன்?" என்றாள் மகள். அதன் பெயரைச் சொன்னேன். பின்னர், அங்கே இல்லாதவற்றின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.