வரப்பெலிக் குழம்பு

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்தால், பெரும்பாக்கம் ஏரிக்குக் கீழே கிடந்த எங்கள் வயல்களுக்கு எலி பிடிக்க இருளர் குடும்பங்கள் வந்துவிடும். கடப்பாரை, கோணி, அடியில் துளை போட்ட ஒரு மண்பானை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடுவது அந்தப் பானையைத் தேடித்தான்.

வளையைக் கண்டதும், அவர்களோடு வரும் இருளர் ஆயா குந்திவிடுவார். வாயில் தள்ளிய மண் ஈரமாக இருந்தால் எலி உள்ளே இருக்கிறது. மற்ற வாய்களை அடைத்து, பானையில் வைக்கோலைப் பற்றவைத்து, வளைமீது கவிழ்த்து, துளை வழியே வாயால் ஊதுவார். உதடு சுடும், புகை நெஞ்சில் இறங்கும். இருளருக்குக் கையால் சுற்றும் இரும்புப் புகைக்கருவி செய்துதரும் திட்டத்துக்கு 2003-இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. ஆயாவின் காலத்தில் அப்படி ஒன்று வராமல் போனதே என்று இன்றும் மனம் வலிக்கிறது. தோண்டினால் மயங்கிய எலிகளோடு அவை சேர்த்துவைத்த நெற்கதிரும் கிடைக்கும்.

வரப்போரம் செத்துக் கிடக்கும் எலி எவ்வளவு கொழுத்திருந்தாலும் கம்பால் தள்ளிப் புதைத்துவிடுவார். “உசிரோட புடிச்சதுதான் சோத்துக்கு, கண்ணு. இது எந்த மருந்தத் தின்னுச்சோ!” எங்கள் வீட்டிலேயே துத்தநாக பாஸ்பைடைப் பொரியில் பிசறி வரப்பில் வைப்பார்கள். அந்தக் கறுப்புத் தூள் எலியின் வயிற்று அமிலம் பட்டு நச்சு வாயுவாகும். செத்த பிறகும் குடலில் மிச்சமிருக்கும். இப்போது விற்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலிமருந்துகள் ஈரலில் தங்கிவிடும்; எவ்வளவு கொதித்தாலும் போகாது.

வைக்கோல் தீயில் முடியைப் பொசுக்கி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, குடலும் மூத்திரப்பையும் கிழியாமல் எடுப்பார். அரிவாள் பட்டு விரலில் காயத்தோடு வந்த மகளைக் கறியைத் தொடவே விடவில்லை. எலிக்காய்ச்சலின் கிருமி எலி மூத்திரத்தில் இருக்கிறது, தோலில் உள்ள காயம் வழியே உடம்பில் ஏறுகிறது என்று பின்னாளில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தப் பாடமும் படிக்காமல் அவர் அதைக் கடைப்பிடித்தார். கழிவை நாய் இழுக்காத ஆழத்தில் புதைத்து, கத்தியையும் கையையும் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். இன்று செய்பவர்கள் கையுறை போடட்டும், சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

ஏரியில் மடையானுக்கும் நீர்க்கோழிக்கும் கண்ணி வைத்தவர்களும் இருந்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அந்தப் பறவைகளுக்குக் காவலானது. எலியைத் தீங்குயிர்ப் பட்டியலில் விட்டது. பயிரைத் தின்ற எலியைப் பிடித்து எங்கள் நெல்லைக் காத்தவர்களை ‘எலி தின்னி’ என்று ஊர் ஏசியது. அந்த ஏச்சை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மிளகு, சீரகம், பூண்டு அரைத்துப் போட்டுக் குழம்பு கொதிக்கும்போது ஆயாவின் பேரப்பிள்ளைகளோடு நானும் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருப்பேன். சதை எலும்பைவிட்டுக் கழலும்வரை சட்டியை இறக்கமாட்டார். பசியில் யாராவது கையை நீட்டினால் அகப்பையால் தட்டுவார்: “பாதி வெந்தத வவுறு தாங்காதுடா. இன்னும் ரெண்டு கொதி வரட்டும்.”