காட்டின் கடன்

ஜூன் 14, 2025. புஹோமா

கபாலே நகரிலிருந்து கிளம்பியது முதல் மலைச்சரிவெங்கும் விவசாயம்தான். உருளைக்கிழங்கு, பீன்ஸ், வாழை, தேயிலை. உச்சி வரைக்கும் பாத்தி கட்டியிருக்கிறார்கள். ஒரு சாண் நிலம் சும்மா கிடக்கவில்லை. மாலையில் ஒரு வளைவு திரும்பியதும் பயிர் முடிந்து காடு எழுந்து நின்றது. இடையே புதரோ மேய்ச்சல் நிலமோ கிடையாது. கடைசி வாழைக்கு அடுத்ததே காட்டின் முதல் மரம்.

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், காங்கோ எல்லையை ஒட்டிக் கிடக்கிறது இந்தப் புவிண்டிக் காடு. பரப்பு 321 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 1,160 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,607 மீட்டர் வரை ஏறுகிறது. பனியுகத்தில் ஆப்பிரிக்கக் காடுகள் வறண்டு சுருங்கியபோதும் தாக்குப்பிடித்த காடு இது. 160க்கும் மேற்பட்ட மர வகைகளும் 100க்கும் மேற்பட்ட பெரணி வகைகளும் இங்கே சேர்ந்திருப்பதற்கு அந்த நீண்ட ஆயுளும் உயர வேறுபாடும் காரணங்கள். 1991இல் தேசியப் பூங்கா ஆனது. 1994இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது.

ஜூன் 15. புஹோமா

இன்று கொரில்லாக்களைப் பார்க்கும் நாள். விடிந்ததும் தடம் பார்ப்பவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கொரில்லாக்கள் நேற்றிரவு இலைதழைகளை மடித்துப் போட்டுத் தூங்கிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடிப்பார்கள். ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. வெளிநாட்டவருக்கு 800 டாலர். பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். இருமலோ சளியோ இருந்தால் போகக் கூடாது என்று வனக்காவலர் கண்டிப்பாகச் சொன்னார், முகக்கவசம் கட்டாயம்.

பாதை சீக்கிரமே மறைந்தது. வழிகாட்டி அரிவாளால் கொடிகளை வெட்டிக்கொண்டு போக, ஈரச் சரிவில் வேர்களைப் பிடித்து இறங்கினோம். திடீரென்று அவர் கை காட்டி நிறுத்தினார். தொண்டையைச் செருமுவதுபோல் இரண்டு முறை ஒலி எழுப்பினார். புதருக்குள்ளிருந்து அதே ஒலி திரும்பி வந்தது. 'பயமில்லை' என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்வது அப்படித்தான்.

தாய் ஒன்று தண்டைப் பல்லால் கடித்துப் பிளந்து, மேல்தோலை நீளவாக்கில் உரித்து எறிந்துவிட்டு உள்சதையை மட்டும் தின்றது. அவசரமே இல்லை. மடியிலிருந்த குட்டி, விழுந்த தோல் நாரை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தது. அதன் விரல் நகங்களைப் பார்த்தேன், நம் நகங்களேதான்.

இந்த நெருக்கம்தான் ஆபத்தும். 1996இல் இங்குள்ள ஒரு கொரில்லாக் குடும்பத்துக்குச் சொறிசிரங்கு பரவி, ஒரு குட்டி இறந்தது. சுற்றுவட்டார மக்களிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்று ஆய்வு காட்டியது. அதை விசாரித்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா, கொரில்லாவைக் காப்பாற்ற வேண்டுமானால் ஊர்மக்களின் உடல்நலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். 2003இல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் வழி சரி என்றே நினைக்கிறேன். 2018இல் வெளியான கணக்குப்படி மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்தைத் தாண்டின. அதே ஆண்டு 'மிக அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து 'அருகிய இனம்' என்ற நிலைக்கு முன்னேறின. பெருங்குரங்கினம் ஒன்றின் எண்ணிக்கை கூடுவது இந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி அல்ல.

ஜூன் 16. புஹோமா

இன்று பட்வா முதியவர் ஒருவரோடு காட்டோரத்தில் நடந்தேன். குச்சியைக் குச்சிமேல் கடைந்து தீ மூட்டிக் காட்டினார். காய்ச்சலுக்கு எந்தப் பட்டை, வயிற்றுக்கு எந்த இலை, தேனீ எந்த மரப்பொந்தை விரும்பும் என்று தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். கொரில்லாவை நாங்கள் வேட்டையாடியதே இல்லை என்றார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். அதற்கு அப்பால் பூங்கா. அனுமதி இல்லாமல் அவர் உள்ளே போக முடியாது.

வேட்டையும் தேனும் கிழங்குமாக இந்தக் காடுகளில் வாழ்ந்தவர்கள் பட்வா மக்கள். பூங்கா அறிவிக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டார்கள். கையில் பத்திரம் இல்லாததால் பெரும்பாலோருக்கு நிலமும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் கூலிகளானார்கள். 2013இல் வழக்குத் தொடர்ந்தார்கள். உரிய இழப்பீடு தராமல் வெளியேற்றியதால் நிலமற்றவர்களாகி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை 2021 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. பள்ளிக்கூடமும் பாதையும் அதில் வந்திருக்கின்றன. ஆனால் ஊருக்குப் பொதுவாக வருகிற பணம் ஊரில் நிலமுள்ளவர்களுக்கே கூடுதலாகப் பயன்படும். சொந்தமாகக் கொல்லைகூட இல்லாதவருக்குப் பாதையால் என்ன பெரிய லாபம்?

ஜூன் 17. கிளம்பும் முன்

காட்டைத் திறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. இங்கே வேலி தளர்ந்தால் பத்தே ஆண்டில் உருளைக்கிழங்கு உச்சிக்கு ஏறிவிடும். காவல் வேண்டும். ஆனால் காவலின் பெரும்பங்கு விலையைக் கொடுத்தவர்கள் பட்வா மக்கள். பலனை அனுபவிப்பது நாங்கள், அனுமதிச் சீட்டு வாங்கி வருகிறவர்கள். பட்டா போட்டு நிலம் கொடுக்கலாம். மூலிகைக்கும் தேனுக்கும் முன்னோர் இடங்களுக்கும் போய்வர அவர்களுக்கு முறையான உரிமை தரலாம். தடம் பார்க்கும் வேலையை முதலில் அவர்களுக்குக் கொடுக்கலாம். அந்தத் தடங்களை அவர்களைவிட யார் அறிவார்? இதனால் ஒரு கொரில்லாவும் குறையப் போவதில்லை. கொரில்லாவைக் காப்பாற்ற முடிந்த நாட்டால் இதையும் செய்ய முடியும். செய்யும் வரை புவிண்டியின் வெற்றியைப் பாதி வெற்றி என்றே சொல்வேன்.