வெள்ளகோவில் வெள்ளி ரூபாய்

வெள்ளகோவிலில் வெள்ளமும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. மழை எட்டிப் பார்த்துவிட்டு 'அப்புறம் வர்றேன்' என்று போய்விடும் பூமி. கிளுவை வேலி கட்டிய கொரங்காடு, அதில் மேயும் காங்கயம் மாடு, தறிச் சத்தம், களத்தில் காயும் கொப்பரை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தையில் கட்டுக் கட்டாக முருங்கைக்காய். கோவையிலிருந்து கரூர் பஸ் ஏறினால் பல்லடம், காங்கயம் தாண்டி இந்த ஊர்.

நான் போனது முருங்கைக்காய்க்காக அல்ல. ஆபீஸ் நண்பரின் தம்பி போனில் அழைத்திருந்தான். "அண்ணா, எங்க அப்புச்சி பெட்டியில பழைய காசு இருக்குதுங்க. டிராக்டர் போட்ட அஞ்சு ரூபா நோட்டும் இருக்குது. மூணு லட்சத்துக்கு எடுத்துக்கறேன்னு ஒருத்தர் சொல்றாருங்க. பதிவுக் கட்டணம் நாலாயிரத்து ஐந்நூறு மட்டும் முதல்ல கட்டணுமாம். மோதிரத்தை அடகு வெக்கப் போறேன்."

மூன்று லட்சம்! அப்படியென்றால் நம்மில் பாதிப் பேர் வீட்டுப் பீரோவே ரிசர்வ் வங்கிதான்.

பஸ் வந்த இந்த வழி சாதாரண வழி இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கொங்கு நாட்டு வழிகளில் ரோமாபுரிக் காசு நடமாடியது. காங்கயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் மணி கோத்தார்கள். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் அது. 1842-ல் கோவை வெள்ளலூரில் ஒரே புதையலில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. நம் ஊர்ப் புதையல்களில் அதிகம் தலைகாட்டுபவர்கள் அகஸ்டஸும் டைபீரியஸும்தான்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அகஸ்டஸ் காசுக்கு வயது இரண்டாயிரம். 1939-ம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு நூறு வயதுகூட ஆகவில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் தலைதெறிக்க ஓடுவது 1939-ன் பின்னால். காரணம், அது கைக்கு வந்தது மிகக் கொஞ்சம். 1938-ன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கும் 'கலைஞர்'களும் உண்டு, ஜாக்கிரதை!

தம்பி வீட்டில் அம்மாயி தகரப் பெட்டியைத் திறந்தார். 1919-ம் வருஷ ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று, 1945 ரூபாய் ஒன்று, 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, அந்த டிராக்டர் நோட்டு.

"கறுத்துக் கெடக்குது. புளி போட்டு வெளக்கட்டுங்களா கண்ணு?"

"ஐயோ, வேண்டாங்க அம்மாயி!"

விளக்கினால் காசு பளபளக்கும், விலை மங்கிவிடும். தேயாத முகமும் காலம் பூசிய கறுப்பும்தான் சேகரிப்பவர்களுக்கு வேண்டும்.

1919 ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ஆகவே அடிமட்ட விலையை நகைக்கடை போர்டே சொல்லிவிடும். 1940-க்குப் பிறகு வெள்ளி பாதியானது. 1947-ல் ரூபாய் நிக்கலாகிவிட்டது. வள்ளுவர் காசு? புழங்காத பளபளப்பில், மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று காசடித்த சாலையின் குறி பார்த்துச் சேர்த்தால் நாளை ஏறலாம். 'லாம்'தான். கோடிக்கணக்கில் அடித்த காசு, சாமி படம் இருந்தாலும் லட்சத்துக்குப் போகாது.

தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப மூணு லட்சம்?"

அவனை சந்தைக்கு இழுத்துப் போனேன். முருங்கை ஏவாரி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங் தம்பி, பனிக்காலத்துல காய் கொறைஞ்சா கிலோ நூறத் தாண்டுது. சித்திரையில எல்லா மரமும் காய்ச்சா பறிகூலி தேறாது. காசும் அப்படித்தானுங்களே? வரத்துக் கொறையணும், ஆளுங்க தேடணும், காய் வாடாம இருக்கணும்."

நாணய சாஸ்திரம் முழுசும் மூன்று வாக்கியத்தில்!

அந்த நேரம் பார்த்து தம்பியின் போன். மூன்று லட்சத்துக்காரர்தான். ஏவாரி எட்டிப் பார்த்துக் கேட்டார்: "காய் வாங்க வர்றவன் எங்கிட்ட காசு குடுப்பானா, கேப்பானா?"

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்ததும் இதைத்தான். பழைய நோட்டு, காசு விவகாரத்தில் தாங்கள் எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்றார்கள். ஏவாரி அதைப் படித்திருக்க மாட்டார். படிக்கவும் அவசியமில்லை.

தம்பி போனை அணைத்துவிட்டு மோதிரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். விரலிலேயே இருந்தது.

நான் புறப்படும்போது ஏவாரி ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தார். நாளை விலை ஏறுமா என்று காத்திருக்கவில்லை. அன்று ராத்திரியே சாம்பார்.