மணல்மேல் ஒரு வழி

ஆற்றுப்படை நூல்களை நடத்தும்போது மாணவர்களிடம் ஒன்றை வலியுறுத்துவேன். வழிகாட்டுதல் என்பது திசையைச் சொல்வதோடு முடிவதில்லை. மலைபடுகடாம் பாடிய புலவர் பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, வழுக்கும் பாறை என்று வழியின் இடர்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். இடரைச் சொல்லாதவன் பாதி வழியைத்தான் சொல்கிறான்.

சென்ற ஆண்டு மாணவர்களோடு தனுஷ்கோடி போயிருந்தேன். 1999இல் நான் முதன்முதலாகச் சென்றபோது சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலிலும் நீரிலும் தள்ளாடிச் செல்லும் வேன்தான். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அந்த ஒன்பதரைக் கிலோமீட்டரில் ஒருபுறம் ஆண்கடல், மறுபுறம் பெண்கடல். இடையே ஒடுங்கிய மணல்திட்டு. அதன்மேல் அந்த ஒற்றைச் சாலை.

என் பெரியப்பா தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் சுமை தூக்கியவர். பெரியம்மாவின் பிரசவத்துக்காகப் பரமக்குடி வந்திருந்ததால் பிழைத்தார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு ஊருக்குள் வந்துகொண்டிருந்த ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தைச் செப்பனிட்டு இராமேசுவரத்துக்கு மீண்டும் ரயில் விட்டார்கள். தனுஷ்கோடித் தண்டவாளம் திரும்பவே இல்லை. "ஒரே வழிடா அது. அதுவும் போச்சுன்னா மனுசன் எங்கிட்டுப் போவான்?" என்பார் பெரியப்பா. சாகும்வரை வேறெதுவும் சொன்னதில்லை.

அரிச்சல்முனையில் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, இன்னொரு புயல் வந்தால் இந்தச் சாலை இருக்குமா?" என்னிடம் பதில் இல்லை. ஊர் திரும்பிய பின் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹேட்டரஸ் என்றொரு தீவு. அதுவும் கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் மணல்தான். அங்கும் நெடுஞ்சாலை ஒன்றே. 2003இல் இசபெல் புயல் தீவையே அறுத்துப் புதிய கால்வாய் வெட்டியது. மணலைக் கொட்டித் தூர்க்க இரண்டு மாதம் பிடித்தது. 2011இல் ஐரீன் புயல் வேறிடத்தில் அறுத்தது. இத்தகைய தீவுகள் நிலையாக நிற்பவை அல்ல. புயலலை கடற்பக்கத்து மணலை அள்ளிக் காயல்பக்கம் போடுகிறது. தீவு மெல்ல இடம்பெயர்கிறது. சாலையைக் காக்க அந்த மணலை மீண்டும் கடலோரத்துக்குத் தள்ளி மேடு கட்டினால், காயல்பக்கம் வளர மணல் இல்லாமல் தீவு ஒடுங்குகிறது. சாலையைக் காக்கும் வேலையே சாலைக்குக் கீழுள்ள நிலத்தைக் கரைக்கிறது.

அவர்கள் மெல்லக் கற்றுக்கொண்டார்கள். ரொடாந்தே என்ற ஊரருகே, அடிக்கடி அரிபட்ட பகுதியை விட்டு விலகி, காயலின்மேல் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டி 2022இல் திறந்தார்கள். சாலை அறுந்தால் ஓட்டுவதற்கென்று தனியே படகு வழியும் வைத்திருக்கிறார்கள். அறுந்தே தீரும் என்று ஒப்புக்கொண்டு தொடங்கிய திட்டம் அது. எல்லா மணல்திட்டிலும் பாலம் கட்ட முடியாது. அதற்கான பணமும் இருக்காது. ஆனால் அந்த ஒப்புதலுக்குப் பணம் தேவையில்லை.

எங்கள் பயணத்தில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மாலையில் சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதன்பின் அங்கே இருப்பவர்கள் ஓலைக் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்கள் மட்டுமே. பொரித்த மீன் விற்ற ஒரு மூதாட்டியிடம் புயலைப் பற்றிக் கேட்டேன். "கெளம்பச் சொன்னா கெளம்பிற வேண்டியதுதான் தம்பி. அதான் ரோடு கெடக்குல்ல?" என்றார்.

அந்தச் சொல் என்னை இன்னும் விடவில்லை. சாலை இல்லாத நாளில் அவர்கள் வானத்தைப் பார்த்து முன்கூட்டியே கிளம்பியிருக்கக்கூடும். இன்று சாலையை நம்பிக் கடைசி நாழிகை வரை காத்திருந்தால்? மழைக்கு முன்பே கடல் தார்மீது ஏறிவிட்டால்? எந்த நேரத்துக்குள் கடைசி வண்டி கிளம்ப வேண்டும், சாலை அறுந்தால் எந்தப் படகு வரும், எந்த மேட்டில் ஒதுங்குவது என்பவற்றை வகுத்து அவர்களிடம் சொல்லும்வரை, நாம் போட்டிருப்பது பாதி வழிதான்.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்ல முடியும். "இருக்காது, அம்மா. இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்." பெரியப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் போலும்.